சந்தைச் சாமானில் கை வைக்கக் கூடாது

முள்ளியவளையில் சிவதர்சினி ரீச்சரின் ஸ்கூட்டி வந்து சேர்வதற்கு முன்னமே அவருடைய பாட்டு வந்துவிடும். முன்பள்ளிப் பிள்ளைகளை மரக்கறி தின்ன வைப்பதற்கு அந்த மனுசி போடாத வேடமில்லை. பூசணிக்காயாக உடுத்து ஆடியிருக்கிறார். கரட் தொப்பி போட்டுக் குட்டிக்கரணம் அடிக்கப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தும் இருக்கிறார். பிள்ளைகள் கைதட்டி ரசிப்பார்கள். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பிஸ்கட்டை எடுப்பார்கள். ரீச்சரும் லேசுப்பட்டவரில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போனபின், அலுமாரிக்குள் ஒளித்துவைத்த மிக்சரைக் கொறிப்பார்.

அவரை உண்மையில் வாட்டியது யதுர்ஷிகாதான். நாலு வயது. தேத்தண்ணீரில் தோய்த்த பிஸ்கட்டைத் தவிர வேறெதுவும் அவளின் தொண்டையில் இறங்காது. கிளினிக்கில் மாதக்கணக்காக நிறை ஏறவில்லை என்று தாய் அமராவதி படலையடியில் நின்று கண்ணைக் கசக்கினார். ரீச்சரின் வாய் சும்மா இருக்குமா?

"அழாதேங்கோ அமராவதி. சிறுவர் சந்தை முடியிறதுக்குள்ள இவவை ஒரு மரக்கறியெண்டாலும் தின்ன வைக்கிறன். இல்லாட்டி நான் ரீச்சரே இல்லை."

சொன்ன பிறகுதான், சந்தைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கலண்டரைப் பார்த்தார்.

சிறுவர் சந்தை என்றால், பிள்ளைகள் தங்கள் வீட்டு வளவில் விளைந்ததைக் கொண்டுவந்து மேசையில் பரப்பிக் கூவி விற்கும் நாள். பிரதம விருந்தினர் நாடா வெட்டியதும் பெற்றோர் வாங்குவார்கள். இந்த வருடம் வெள்ளரிக்காய், பயித்தங்காய், தக்காளி, கொய்யா என்று மேசை நிறைந்துவிட்டது. போதாததற்குக் காட்டிலிருந்து ஒரு பெட்டி பாலைப்பழமும் வந்திருந்தது. பார்வைக்கு வடிவாக இருக்கட்டும் என்று பிள்ளைகளின் சாப்பாட்டுப் பைகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிய ரீச்சர், விரலை ஆட்டினார்.

"இது விக்கிற சாமான். விருந்தினர் வருமட்டும் ஒருத்தரும் வாயில வைக்கக் கூடாது! விளங்கிச்சோ?"

"ஓம் ரீச்சர்!"

விருந்தினர் வரவில்லை. பத்து மணியும் போய்விட்டது. ரீச்சரும் பெற்றோரும் வீதிக்குப் போய், வராத வாகனத்தை எட்டி எட்டிப் பார்த்தார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இத்தனை சின்னப்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் சத்தமில்லையென்றால் என்ன அர்த்தம் என்று ரீச்சருக்குத் தெரியாததா? பதற்றத்தில் மறந்துபோனார்.

ஒருவழியாக வாகனம் வந்தது. விருந்தினரின் கழுத்தில் மாலை விழுந்தது. நாடாவுக்குக் கத்தரிக்கோலை நீட்டிய ரீச்சர் மேசையைப் பார்த்தார். ஒரு பூசணிக்காயும் நாலு பாகற்காயும் மட்டும் மிச்சம். பிள்ளைகளோ ஒன்றும் அறியாதவர்களாக வரிசையில் நின்றார்கள்.

"வரவேற்புப் பாட்டுப் பாடுங்கோ, செல்லங்கள்," என்றார் ரீச்சர் ஈனக்குரலில்.

"ம்ம்ம்ம்... ம்ம்ம்..."

ஒரு வாயும் திறக்கவில்லை. பாலைப்பழத்தின் பால் உதடுகளைப் பசை போட்டு ஒட்டியிருந்தது! பெற்றோர் குபீரென்று சிரித்தார்கள். அந்தப் பிசினைப் போக்க யாரோ தேங்காயெண்ணெய் எடுக்க ஓடினார்.

"சந்தை முடிஞ்சுபோச்சுப் போல," என்று விருந்தினர் வயிறு குலுங்கச் சிரித்து, அந்தப் பூசணிக்காயை வாங்கிக்கொண்டார்.

ரீச்சருக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அப்போதுதான் கவனித்தார், வரிசையில் யதுர்ஷிகா இல்லை. பதறிப்போய் மேசைவிரிப்பைத் தூக்கினார்.

கீழே அவள் சப்பாணி கட்டி இருந்தாள். கையில் பாதி வெள்ளரிக்காய். மடியில் ஒரு பிடி பயித்தங்காய். நாடியெல்லாம் விதை.

"நான் தின்னேல்லை, ரீச்சர்."

சிவதர்சினிக்கு நெஞ்சு நிறைந்து கண் கலங்கிவிட்டது. ஒரு வருடம் ஆடியும் பாடியும் கெஞ்சியும் நடக்காத காரியம்! பிள்ளையை வாரியெடுக்கப் பாய்ந்து வந்த அமராவதியின் கையை எட்டிப் பிடித்து நிறுத்தினார். தன் சிரிப்பை விழுங்கி, முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார்.

"பிள்ளை, அந்தப் பயித்தங்காயில மட்டும் கை வைக்காதையும், சொல்லிப்போட்டன்!"

விரிப்பை இறக்கிவிட்டார். இரண்டு பெண்களும் மூச்சு விடாமல் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிக்கொண்டு நின்றார்கள்.

மேசைக்குக் கீழே நறுக்கென்று ஒரு சத்தம் கேட்டது.