கிண்ணியாவுக்கு ஒரு பழைய வாக்குமூலத்துடன்

போன மாசி மாதம் திருகோணமலைக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. அப்படிப்பட்ட ஆசைகள் எனக்குக் கிடையாது. தீராத கொலை வழக்குகளை மறுபடி விசாரிக்க அரசாங்கம் அந்த மாவட்டப் பொலிசுக்கு விசேட நிதி ஒதுக்கியிருந்தது. அதில் ஒரு கமெராவும் விரலடையாளம் எடுக்கும் பெட்டியும் வாங்கினார்கள். மிச்சத்தில் வாடகைக் காரும் என் பயணப்படியும்.

எட்டு வருடங்களுக்கு முன் கிண்ணியாவில் றஹீம் என்ற இளைஞன் குத்திக் கொல்லப்பட்டான். அவனுடைய சைக்கிளும் காணாமற் போனது. அவன் தாய் சுபைதாவைக் கண்டியில் ஓர் அலுவலகத்துக்கு வரவழைத்து விசாரித்தார்கள். அவருடைய தமிழை ஆங்கிலமாக்கியவன் நான். கொலை நடந்த காலையில் ஒரு மரவியாபாரி றஹீமின் சைக்கிளோடு பாதையில் நின்றதைக் கண்டதாக அவர் சொன்னார். ஏன் கூப்பிடவில்லை என்று அதிகாரி கேட்டார்.

"கூப்பிட முந்திப் பாதை போயிட்டுது ஐயா."

தெரு போய்விட்டது என்று மொழிபெயர்த்தேன். அதிகாரி பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். துக்கத்தில் புத்தி பேதலித்த சாட்சி என்று எழுதி வழக்கை ஓரத்தில் வைத்தார். தன் கதையை நான் மாற்றிவிட்டதாக அந்தப் பெண் மனு எழுதுவித்து அனுப்பினார். என் பதவி உயர்வு அதோடு நின்றது. எனக்குக் கீழே இருந்த இருவர் இன்று எனக்கு உத்தரவு போடுகிறார்கள். நான் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி என்று காட்டத்தான் புறப்பட்டேன்.

கண்டியிலிருந்து பஸ் காலை ஆறேகாலுக்கு. நூற்றுப் பதின்மூன்று மைல். கட்டணம் ஐந்து ரூபா அறுபது சதம். இடதுபக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு. ஹபரணையில் தேநீர்க் கடையில் பாண் இல்லை. அவித்த மரவள்ளிக் கிழங்குதான். ஹபரணைக்குப் பிறகு காடு இருபக்கமும் சாய்ந்து வந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. கண் திறந்தபோதெல்லாம் அதே மரம், அதே மயில், அதே வெளிச்சம்.

பன்னிரண்டு நாற்பதுக்குத் திருகோணமலை. ஓர்ஸ் ஹில்லில் அறை, நாளுக்குப் பன்னிரண்டு ரூபா. ஜன்னலுக்குக் கீழே உள்துறைமுகம். தண்ணீரும் வானமும் ஒரே நிறம். கப்பல்கள் எதன்மேல் நிற்கின்றன என்று தெரியவில்லை. மாலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபத்தைக்கூடச் சற்று நேரம் மறந்திருந்தேன்.

மறுநாள் எட்டு மணிக்குக் கார் வந்தது. சாரதி காசிம், கிண்ணியாக்காரர். கூட ஒரு பொலிஸ் சார்ஜன்ட். அவருக்குத் தமிழ் தெரியாது. பதின்மூன்று மைல் போனதும் வீதி தண்ணீரில் முடிந்தது.

"இறங்கி நில்லுங்க சேர்," என்றார் காசிம். "பாதை அக்கரையில நிக்கிது. இப்ப வரும்."

"பாதை எப்படி வரும்?"

"கயித்தப் புடிச்சு இழுத்தா வரும். தானா வர அதுக்கென்ன காலா இருக்கு?"

அக்கரையிலிருந்து ஒரு பலகைத் தரை பிரிந்து தண்ணீரில் மிதந்து வந்தது. அதன்மேல் ஒரு மாட்டுவண்டி, நாலைந்து சைக்கிள்கள், குடை பிடித்த பெண்கள். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடக்கும் மிதவைக்கு இங்கே பெயர் பாதை. கொழும்பில் பிறந்து கண்டியில் படித்த எனக்கு அது தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

கடக்கப் பத்து நிமிடம். அது ஒரு மணி நேரமாக நீளக்கூடாதா என்று இருந்தது. சார்ஜன்ட் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்காவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

சுபைதா முற்றத்தில் பாய் இழைத்துக்கொண்டிருந்தார். ஏறிட்டுப் பார்த்தார்.

"கண்டி ஐயாதானே? நல்லாக் கிழண்டு போயிட்டீங்க. கதிரையில இருங்க."

நான் உட்காரவில்லை. "நீங்கள் சொன்ன பாதையை நான் தெரு என்று நினைத்துவிட்டேன், அம்மா. தெரு போய்விட்டது என்று அவரிடம் சொன்னேன்."

"தெரு எப்பிடி ஐயா போகும்?"

"போகாது. அதனால்தான் அவர் சிரித்தார்."

அவர் கை பாயிலேயே நின்றது. "அந்த மரவியாபாரி இப்பவும் இந்தப் பாதையிலதான் வாறான் போறான். என்னக் கண்டா சலாம் சொல்றான். பைத்தியத்துட கதைய ஆரு கேப்பான் எண்டு அவனுக்குத் தெரியும்." பிறகு, "அண்டைக்குப் பாதை இழுத்த முகைதீன் இப்பவும் இழுக்கிறார். அவரையாவது கேட்டாங்களா?" என்றார்.

கேட்கவில்லை. தெருவில் நடந்ததற்குப் படகோட்டியை யார் விசாரிப்பார்கள்? இதைச் சார்ஜன்டிடம் சிங்களத்தில் சொன்னேன், தவறு என்னுடையது என்பதையும் சேர்த்து. அவர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். சுபைதா மறுபடி முழுவதும் சொன்னார். நான் வாசித்துக் காட்டிய பிறகுதான் பெருவிரலை வைத்தார்.

திரும்பும்போது மற்றவர்களை இறக்கிவிட்டுத் துறையிலேயே முகைதீனை விசாரித்தோம். அவர் கயிற்றை விடாமலே பதில் சொன்னார்.

"ஓம், கண்டனான். றஹீம்ட சைக்கிள்தான். கைபிடியில சிவப்பு நாடா கட்டியிருந்திச்சு. அந்த மரவியாபாரிட கையில ஏன் எண்டு அண்டைக்கே யோசிச்சனான்."

"ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை?"

"கேட்டாத்தானே ஐயா."

சார்ஜன்ட் அன்று பிற்பகலே மரவியாபாரியின் கடைக்குப் போனார். அதற்குப் பிறகு நடந்ததை எனக்கு எவரும் எழுதவில்லை. அந்த மனுவில் இருந்தது சரி என்று என் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டேன். சிரித்த அதிகாரியை மட்டும் நான் மன்னிப்பதாக இல்லை.

போகிறவர்களுக்கு: பாதை காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. கட்டணம் கிடையாது. குடை அவசியம். காரில் போனால் சக்கரத்துக்குக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். அக்கரையிலிருந்து வர அரைமணி ஆனாலும் அவசரப்படாதீர்கள், இழுப்பவர்களோடு கதைத்துக்கொண்டிருங்கள். கேட்டால் சொல்வார்கள்.