சிவப்பு ஜக்கெட்டுக்கு வாரிசு

எங்கள் வீட்டில் உடுப்புகளுக்கு ஒரு வாரிசு முறை இருந்தது. மச்சாளின் உடுப்பு அக்காவுக்கு வரும், அக்காவின் உடுப்பு எனக்கு வரும். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அதனால் என்னிடம் வந்து சேரும் எதுவும் பல குளிர்காலங்களைக் கண்டு களைத்துப்போனதாகவே இருக்கும்.

இதற்கு ஒரேயொரு விதிவிலக்கு, அக்காவுக்கென்றே கடையில் புதிதாக வாங்கிய சிவப்புக் குளிர் ஜக்கெட். தொப்பியின் விளிம்பில் மயிர் வைத்தது, உள்ளே ரகசியப் பை உள்ளது. அக்காவுக்குப் பதினேழு வயதானபோது அதன் கைகள் அவளுடைய மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டன. பதினொரு வயது எனக்கு அது பெரிதுதான், ஆனால் மடித்துவிட்டால் போதும். அமெரிக்கா போய்வரும் வரைக்கும் அவளே போடட்டும், வந்தவுடன் உனக்குத்தான் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

அக்கா அமெரிக்கா போனது எங்கள் தேவாலய இளைஞர் குழுவோடு. இலையுதிர்கால விடுமுறையில் லகோட்டா பழங்குடி மக்களின் ஊர் ஒன்றுக்குப் போய், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது வேலை. ஜெர்மனியை விட்டு அவள் தனியே போனது அதுதான் முதல் தடவை. அம்மா பயணப்பெட்டி மூடாத அளவுக்குச் சாமான் வைத்தார். பெட்டியின் மேல் நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதன் ஜிப் பூட்டுப்பட்டது.

அதே பெட்டி திரும்பி வந்தபோது அம்மா அதை ஒற்றை விரலால் தூக்கினார்.

"என்ன பிள்ளை, பெட்டி பஞ்சு மாதிரிக் கிடக்கு? ஏர்போட்டிலை ஆரும் எடுத்துப்போட்டாங்களோ?"

"இல்லையம்மா. நான்தான் குடுத்திட்டன்."

"எதை?"

"எல்லாத்தையும்."

பெட்டிக்குள் ஒரு போர்வை மட்டும் இருந்தது. நடுவில் எட்டு முனையுள்ள பெரிய நட்சத்திரம், சிறு சிறு துணித்துண்டுகளால் தைத்தது. கடைசி நாளன்று பிள்ளைகளும் தாய்மாரும் சேர்ந்து அதை அக்காவின் தோளில் போர்த்தினார்களாம். அதற்குச் சில நாட்களுக்கு முன் அங்கே ஒரு பையனுக்கு விழா எடுத்தபோது, அவனுடைய குடும்பத்தார் வந்தவர்கள் எல்லோருக்கும் பொருட்களை அள்ளிக் கொடுத்ததை அவள் பார்த்திருந்தாள். கௌரவிக்கப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும், அது அவர்களுடைய வழக்கம். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே பெட்டியைத் திறந்துவிட்டாள்.

அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை. அவர் தமிழ்ச் சங்கச் செயலாளர். எங்கள் ஆட்களில் பொன்னாடை போர்த்தப்பட்டவர் கும்பிட்டுவிட்டு அதை வீட்டுக்குக் கொண்டுபோவார். அடுத்த விழாவில் அதே பொன்னாடை இன்னொருவர் தோளில் ஏறும். எங்கள் அலுமாரியின் மேல்தட்டில் அப்படித் தங்கிப்போகும் பொன்னாடைகள் எப்போதும் இருந்தன. அதற்காக ஒருவரும் தன் சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்ததாக வரலாறு இல்லை என்றார் அப்பா.

எனக்கு வழக்கமும் வரலாறும் முக்கியமில்லை. ஜக்கெட் எங்கே என்றேன். அங்கே ஒரு பிள்ளையிடம் என்றாள் அக்கா. நான் அவளோடு கதைப்பதை நிறுத்தினேன். குளிர் இறங்கியதும் அம்மா மச்சாளின் மண்ணிறக் கோட் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தந்தார். மூன்று பொத்தான்கள் மூன்று நிறத்தில் இருந்தன. மௌனம் பலிக்காததால் பேரம் பேசினேன். ஜக்கெட்டுக்குப் பதிலாகப் போர்வை எனக்கு வேண்டும். யோசிக்கிறேன் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் மண்டபத்தில் குழுவினர் பயணப் படங்களைக் காட்டினார்கள். கோப்பி, கேக், அம்மாவின் ரோல்ஸ். ரோல்ஸ்தான் முதலில் முடிந்தது. வந்திருந்த ஜெர்மன்காரர் பலர் இறகுகளையும் குதிரைகளையும் எதிர்பார்த்திருந்தார்கள். சுவரில் வந்தவை கூடைப்பந்தும் டிரம்போலினும் கோப்பை நூடில்ஸும். கூடாரங்கள் எங்கே என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர்கள் வீடுகளில் இருக்கிறார்கள், உங்களைப் போலத்தான் என்றாள் அக்கா. பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கப் போன அவளை அவர்கள் பந்து விளையாட இழுத்துப்போய், பந்து பிடிக்கத் தெரியாதவள் என்று நாள் முழுக்கக் கேலி செய்தார்களாம்.

அடுத்த படத்தில் என் ஜக்கெட் வந்தது. அதற்குள் ஒரு பெண்பிள்ளை நின்றாள், என் வயதுதான் இருக்கும். கைகள் மடிக்காமலே அளவாக இருந்தன. எனக்கு அதுதான் எரிந்தது.

அப்போது அக்கா என்னை முன்னே அழைத்தாள். எல்லோரும் பார்க்க, மண்ணிறக் கோட்டுக்கு மேலே அந்த நட்சத்திரப் போர்வையை என் தோளில் போர்த்தி, இப்படித்தான் அங்கே செய்வார்கள், இனி இது இவளுக்கு என்றாள். சபை கைதட்டியது. அந்த வழக்கத்தை அறிந்த போதகர் முன்வரிசையிலிருந்து சிரித்துக்கொண்டே, அப்படியென்றால் நீ எங்களுக்கு என்ன கொடுக்கப்போகிறாய் என்று கேட்டார்.

கோட்டைக் கழற்றிக் கொடுக்க எனக்குப் பரிபூரண சம்மதம். ஆனால் அம்மா என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். வேறு எதுவும் கையில் இல்லை. எதுவும் கொடுக்காவிட்டால் போர்வை போய்விடும் என்று பயந்தேன். சுவரைக் காட்டி ஜெர்மனில் சொன்னேன்:

"நான் முதலே குடுத்திட்டன். அந்த ஜக்கெட் என்னுடையது."

போதகர் சிரிப்பை விட்டு, சரி என்று தலையாட்டினார். அக்கா குனிந்து, போர்வையின் நுனியை என் கழுத்தடியில் இழுத்துச் செருகினாள், கொஞ்சம் தேவைக்கு அதிக நேரம். அவளுடைய கண் ஏன் கலங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. வழக்கில் நான் வென்றுவிட்டேன், அவள் தோற்றுவிட்டாள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.