ஈரம் ஏறிய கீபோர்டு

மாமா மதுரைக்குக் கீபோர்டு வாங்கப் போனபோது என்னையும் உடன் அனுப்பியது அம்மாதான். துணைக்கு என்று வெளியில் சொன்னாலும், நான் போனது உளவு பார்க்க. கடைக்குள் விட்டால் இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான் என்று தம்பியைப் பற்றி அம்மாவுக்குப் பயம். எனக்கு அப்போது பத்து வயது. உளவு வேலைக்குக் கூலியாக ஒரு ஜிகர்தண்டா பேசப்பட்டிருந்தது.

மாமா போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். முகூர்த்த நாட்களில் மட்டும் கலைஞர். அவர் கீபோர்டு, அத்தை பாட்டு, அப்பாவின் அண்ணனான பெரியப்பா டோலக். அவ்வளவுதான் குழு. அதுவரை வாசித்தது இரவல் கீபோர்டு. பெரியப்பா வாரம் முழுக்கப் போடிமெட்டுக்குத் தோட்ட வேலையாட்களை ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுபவர். அவருடைய தாளமும் அந்த ரோட்டைப் போலத்தான், ஏற்றத்தில் திணறும், இறக்கத்தில் பறக்கும். அத்தை நிதானமாகத் தொடங்கும் பாட்டு, முடியும்போது மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் கச்சேரி என்றால் அவருக்கு உயிர். அன்றைக்கு மட்டும் போடும் சந்தன நிற ஜிப்பா ஒன்று வைத்திருந்தார். அதைத் துவைப்பதும் தேய்ப்பதும் அவரே. பெரியம்மாகூடத் தொடக் கூடாது.

மதுரைக் கடையில் மாமா கீபோர்டு பார்த்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். காய் வாங்கும்போது நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, கையில் எடுத்துக் கனம் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய தொழில் பாடம். ஒவ்வொரு கீபோர்டாகத் தூக்கிக் கனம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே கட்டையைத் திரும்பத் திரும்ப அழுத்திக் கேட்டார். பழக்க தோஷத்தில் ஒன்றைக் குனிந்து மோந்தும் பார்த்துவிட்டார்.

"அண்ணே, அது திங்கிற பொருள் இல்ல" என்றார் கடைக்காரர்.

பியானோ போலக் கட்டைகள் கனத்த பெரிய கீபோர்டு ஒன்றின் முன்னால் மாமா வெகுநேரம் நின்றார். நான் உளவாளியாகத் தொண்டையைச் செருமினேன். ஆனால் அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "இத ஜீப்புல ஏத்துனா உங்க அத்தையை எறக்கி விட்டுட்டுத்தேன் போகணும்." கடைசியில் மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் அழுத்தித் தொட்டால் சத்தமாகவும் பேசுகிற நடுத்தரமான ஒன்றில் மனம் நின்றது. தோட்டத்துப் பக்கம் கரண்டு எப்போது போகும் என்று தெரியாது. இது பேட்டரியிலும் ஓடும்.

அப்போதுதான் கடைக்காரர் ஒரு பட்டனை அழுத்தினார். யாரும் தொடாமலே கீபோர்டுக்குள்ளிருந்து தாளம் கிளம்பியது. கடையே ஆடுவது போல இருந்தது. நான் குதித்தேன்.

"இனிமே உங்களுக்கு டிரம்ஸ்காரரு, டோலக்குகாரரு யாருமே வேணாம்ணே. எல்லாரும் உள்ளயே உக்காந்திருக்காங்க."

மாமா அதை முழுதாகக் கேட்டார். பிறகு, "இது இல்லாத பொட்டி இருக்கா?" என்றார்.

"இது இல்லாம எப்பிடிண்ணே? இதுக்குத்தான வாங்குறதே."

ஓசியில் வருவதை வேண்டாம் என்று சொல்லும் முதல் மனிதரை அன்றுதான் பார்த்தேன். அம்மாவிடம் கொடுத்த உளவு அறிக்கையில் இதைத்தான் முதலில் சொன்னேன்.

மறுநாள் பெரியப்பா வந்து புது கீபோர்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மாப்ளே, இதுல தாளம் தானா வரும்னு ஜீப்பு ஸ்டாண்டுல பயலுக சொல்றாய்ங்களே, நெசமா?"

"வாங்குறப்ப வந்துச்சு மச்சான்" என்றார் மாமா. "ஆண்டிபட்டி கணவாயில சாரல் அடிச்சதுல, அந்தப் பாகத்துல மட்டும் ஈரம் ஏறிருச்சு. இனிமே வராது."

"அடடா" என்றார் பெரியப்பா. டோலக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரி, அப்ப நாமதேன் அடிக்கணும்போல."

சாரல் அடித்தது உண்மைதான். பெட்டியின் ஒரு மூலை நனைந்ததை நானே பார்த்தேன். புத்தம் புதுப் பொருள் பழுதாகியும் மாமா திருப்பிக் கொடுக்கப் போகாமல் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. எந்தப் பட்டனையும் தொடக் கூடாது என்று எனக்கு வேறு கட்டளை.

அடுத்த மாதம் போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கங்காணி வீட்டுக் காதணி விழா. முந்தின நாளே போய்விட்டோம். மழையும் மூட்டமுமாக இருந்தது. சாயங்காலம் எல்லாரும் கங்காணி வீட்டில் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருக்க, நான் சும்மா சுற்றிப்பார்க்கக் காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் போனேன். உள்ளே கணகணவென்று சூடு. கதவோரப் பலகையில் தோட்டத்தில் நனைந்த அத்தனையும் காய்ந்துகொண்டிருந்தன: குடை, கம்பளி, பள்ளிக்கூட ஷூ. ஈரம் ஏறிய எதையும் அந்த ஊர்க்காரர்கள் அங்கேதான் கொண்டுவந்து வைக்கிறார்கள். என் மூளையில் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது.

கீபோர்டைக் கட்டிப்பிடித்து அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது. அடுப்புக்கு விறகு தள்ளும் மலையாளத்துச் சேட்டன் என்னைப் பார்த்து, "எந்தா மோளே, பெட்டி நனஞ்சோ? இவிட வெச்சோ, காலைல பப்படம் மாதிரி காஞ்சிரும்" என்றார்.

காலையில் முதல் ஆளாக ஓடினேன். கடையில் பார்த்த அதே பட்டனை அழுத்தினேன். தாளம் கிளம்பியது! சேட்டனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "கண்டோ!" என்றார் அவர். எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவே இல்லை. எல்லார் முன்னாலும்தான் காட்டுவது என்று முடிவு செய்து, ஒன்றும் தெரியாதவள் போலத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.

"என்ன, இதுல ஏலக்கா வாசம் அடிக்குது?" என்றார் மாமா.

"உங்க மேலதேன் அடிக்கும். என்னைக்கு அடிக்கல?" என்றார் அத்தை.

விழா களைகட்டியது. காது குத்தும்போது பிள்ளை வீறிடும் சத்தம் கேட்காதபடி வாசிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியப்பா டோலக்கைக் கிழித்துவிடுவது போல அடித்தார். ஜிப்பாவின் முதுகு நனைந்துவிட்டது. அடுத்து ஆட்டப் பாட்டு. பாட்டு நோட்டோடு மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், இதுதான் சமயம் என்று கையை நீட்டிப் பட்டனை அழுத்தினேன்.

ஸ்பீக்கர் அதிர்ந்தது. அத்தை பாட்டை நிறுத்திவிட்டார். உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் எழுந்து ஆடத் தொடங்கினார்கள், விசில் பறந்தது. பொய் சொல்வானேன், பெரியப்பாவைவிட அது ஆயிரம் மடங்கு நன்றாகவே வாசித்தது. பெரியப்பாவின் இரண்டு கைகளும் டோலக்குக்கு மேலே அப்படியே நின்றன.

"ஈரம் காஞ்சிருச்சு மாமா! நான்தான் சரி பண்ணினேன்!" என்று கத்தினேன்.

மாமா சட்டென்று அதை அமர்த்தினார். கூட்டம் விடவில்லை. "போடுண்ணே, போடு!" என்று கூச்சல். கங்காணியே மேடைப் பக்கம் வந்து, "நல்லாத்தான இருந்துச்சு, போடுங்க. அடுத்த மாசம் கோயில் விசேசத்துக்கும் நீங்கதேன். இது இருந்தா ரெண்டு பேரு வந்தாப் போதுமே" என்றார்.

"அது கடைசி மூச்சுங்க. போயிருச்சு" என்றார் மாமா. "வந்தா மூணு பேருந்தேன் வருவோம்." சொல்லிவிட்டுப் பெரியப்பா பக்கம் திரும்பி, "அடிங்க மச்சான்" என்றார். பெரியப்பா அடித்தார். வழக்கத்தைவிட வேகமாக. கூட்டம் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு அதற்கும் ஆடியது.

என்னை ஒருவரும் பாராட்டவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. திரும்பும் வழியில் போடிமெட்டில் டீக்கு நிறுத்தினார்கள். எல்லாரும் கடைக்குப் போனார்கள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜீப்பிலேயே இருந்தேன். பெரியப்பா, கையில் பருப்புவடைப் பொட்டலத்தோடு முதலில் திரும்பி வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

"எந்தப் பட்டன் ஆத்தா?"

கீபோர்டின் உறையைப் பிரித்துக் காட்டினேன். சத்தத்தைக் குறைத்து, அவரே அழுத்தினார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். "நல்லாத்தேன் அடிக்கிறான்" என்றார், யாரோ ஓர் ஆளைச் சொல்வது போல. மாமா வருவது தெரிந்ததும் அமர்த்தி உறையை இழுத்து மூடினார்.

"என்ன மாப்ளே, இத ரிப்பேருக்குக் குடுத்துப் பாக்கலாமா?"

"குடுத்தாலும் ஆகாது மச்சான்."

"ஆமாமா. ஈரம் ஏறுனா ஏறுனதுதேன்."

நான் குறுக்கே வாயைத் திறந்தேன். திறந்த வாய்க்குள் பெரியப்பா சுடச்சுட ஒரு வடையைத் திணித்தார். மாமா வெளியே எதையோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெரியப்பா முன்னால் போய் ஏற, ஜீப் புறப்பட்டது. இவ்வளவு வளர்ந்த இரண்டு பேருக்கும் ஒரு பட்டன் வேலை செய்வது தெரியவில்லையே என்று, வடையை மென்றுகொண்டே, அவர்களுக்காக நான் மிகவும் பரிதாபப்பட்டேன்.