முருகனுக்குப் போன கோதுகள்

கடையில் வாங்கின தோட்டாவோடு மான் வேட்டைக்குப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். ஒருமுறை சுட்ட தோட்டாவின் வெறும் பித்தளைக் கோதுக்குள் புதிதாக வெடிமருந்தும் ஈயச் சன்னமும் அடைத்து என் தோட்டாவை நானே செய்துகொள்வேன். அதற்குக் கோது நல்லதாக அமைய வேண்டும். எல்லாம் ஒரே நிறையாக இருக்க வேண்டும், கழுத்தும் ஒரே தடிப்பில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் குறி பிசகும். குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் ஒரு கிழமையாகக் கோதுகளைத் தராசில் நிறுத்து, தேறியதை ஒரு கிண்ணத்திலும் சுமாரானதை இன்னொன்றிலும் போட்டு வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்த்தால் தேறிய கிண்ணம் காலி. முருகன் படத்துக்கு முன்னால் என் கோதுகள் வரிசையாக நின்றன. புளி போட்டு மினுக்கி, ஒவ்வொன்றின் வாயிலும் ஓர் ஊதுபத்தி எரிந்துகொண்டிருந்தது.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

"மற்றக் கிண்ணத்தில கிடக்கிறதை எடுத்திருக்கலாமே?" என்று மனைவியிடம் கத்தினேன்.

"நீங்கள் கழிச்சதையோ சாமிக்கு வைக்கிறது?" என்றாள்.

சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுக்க எனக்குத் துணிவில்லை. சுமாரான கோதுகளில் செய்த தோட்டாக்களோடு அடுத்த சனிக்கிழமை வேட்டைக்குப் போனேன். மான் நின்று என்னைப் பார்த்தது. சுட்டேன். பக்கத்து மரத்தில் ஒரு சுள்ளி முறிந்தது. மான் இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு நடந்து போனது.

வீட்டுக்கு வந்து கோதைத் திட்டினேன்.

"கோதில பிழையில்லை," என்றாள் மனைவி. "வள்ளி மான் வயித்தில பிறந்தவ. மாமியாரைச் சுட முருகன் விடுவாரோ?"