நாற்பத்தொன்றாம் கல்லில் ஒரு குழாய்

மூன்றாவது வண்டி கடந்து போனதும் ரூட்டக்கா நோட்டில் ஒரு கோடு போட்டுவிட்டு, அது போன திசையைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். மினி லாரி. பின்னால் தார்ப்பாய் போட்டு இறுக்கக் கட்டியிருந்தது. "இந்த ரோட்ல இவனுக்கு என்ன வேலை?" என்று தான் உட்கார்ந்திருந்த கிலோமீட்டர் கல்லிடம் கேட்டார். கல் வாயைத் திறக்கவில்லை. அதன் மேல் இன்னும் முப்பத்தைந்து நிமிடம் உட்கார வேண்டும். ஒரு மணி நேரத்தில் நாலு வண்டிக்கு மேல் போய்விட்டால் அந்த ரோடு தள்ளுபடி. எவ்வளவு அழகான ரோடாக இருந்தாலும் சரி, ரூட்டக்காவின் வழித்தாளில் அதற்கு இடமில்லை.

வண்டியே வராத ரோட்டின் மேல் சந்தேகம் இன்னும் அதிகம். ஒருமுறை மூன்று நாள் தொடர்ந்து ஈ காக்கா இல்லாத ரோடு ஒன்று கிடைத்தது. வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். ரூட்டக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ஏதோ இருக்கு" என்றார். இருந்தது. மேலே ஒரு கல்குவாரி, இயந்திரம் பழுதாகி ஒரு வாரமாக மூடிக் கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை டிப்பர் லாரிகள் சாரை சாரையாக இறங்கி வந்தன. அன்றிலிருந்து எந்த ரோட்டையும் வெவ்வேறு கிழமைகளில் நான்கு தடவை உட்கார்ந்து பார்க்காமல் அவர் சேர்ப்பதில்லை.

சைக்கிளில் மலை சுற்ற வருகிறவர்களுக்கு வழி வகுத்துக் கொடுப்பது அவர் தொழில்; ரூட்டக்கா என்ற பெயரும் அதனால் வந்ததுதான். அதிலும் ஒரு தினுசு மட்டும்தான்: சத்தம் இருக்கக் கூடாது, கால் நோக வேண்டும். இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்பவர்களுக்கு ஆயத்தமாக ஒரு பதில் வைத்திருக்கிறார். "லாரி ஏற முடியாத எடத்துலதாங்க அமைதி இருக்கும். நோகாம போகணும்னா பஸ் இருக்கே!" ஏற்றத்தை அளக்கக் கைப்பையில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று எப்போதும் கிடக்கும். செல்போன் சொல்லும் கணக்கை அவர் மதிப்பதில்லை. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் ஏற்றம் என்று போன் சொன்ன இடத்தில் ரசமட்டம் பதினொன்று காட்டியதாம். "போனுக்கென்ன, அதுவா மிதிக்கப் போகுது?"

ஆட்களையும் அப்படித்தான் அளக்கிறார். அலுவலகம் மூன்றாம் மாடியில். லிப்ட் கிடையாது, ஐம்பத்து நான்கு படி. அழைப்பு மணி அடித்ததும் கதவைத் திறக்க மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று, வெளியே நிற்பவரின் மூச்சைக் கேட்பார். "தினமும் அறுபது கிலோமீட்டர் ஓட்டுறேன் மேடம்" என்று போனில் அளந்தவர் வாசலில் துருத்தி ஊதிக்கொண்டு நின்றால், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, "அறுபதா? எந்த எறக்கத்துல?" என்று கேட்பார்.

கீழே தரைத்தளத்தில் சைக்கிள் பட்டறை. அது கணவருடையது. ஊருக்கே அவர் மெக்கானிக். ரூட்டக்காவுக்கு நேர் எதிர். வருகிற எல்லாரோடும் பேசுவார், கேட்டதையெல்லாம் சொல்லுவார், கேட்காததையும் சொல்லுவார். பயண நாட்களில் சைக்கிள்களுக்குப் பின்னால் வேனை ஓட்டிப் போவதும் அவர்தான். தண்ணீர் கேன்களைக் காலியாகவே ஏற்றிக்கொண்டு கிளம்புவார். எந்தக் கல்லில் குழாய் இருக்கிறது என்று மனைவியின் தாள் சொல்லும், அங்கே நிரப்பிக்கொள்வார். "ஏத்தத்துல வீண் பாரம் எதுக்கு? அதான் இவ எழுதியிருக்காளே" என்பார். தாளை ஒரு நாளும் சரிபார்த்ததில்லை.

இந்தச் சந்தேகம் ரூட்டக்காவின் பிறவிக் குணம் என்று சொல்லிவிட முடியாது. பஸ் நிலையத்துக்கு எதிரே பெரிய அலுவலகம் போட்டிருக்கும் சைக்கிள் பயண நிறுவனம் ஒன்று உண்டு. ஆட்கள் எல்லாரும் நீலச் சட்டை. மூன்று வருடத்துக்கு முன் அவர்களின் விளம்பரப் புத்தகத்தில், ரூட்டக்கா பதினொரு தடவை ஏறி இறங்கிக் கண்டுபிடித்த பாதை ஒன்று அப்படியே வந்தது. அவர் சொன்ன அதே மரம், அதே பாலம், அதே வரிசை. ஒரே சீசனில் அங்கே ஒலிபெருக்கி கட்டிய வேன்கள் வரிசை கட்டின. ரூட்டக்கா போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. வயிறு எரிந்தது என்று அவரே சொல்கிறார்.

அதற்குப் பிறகுதான் ஒரு கறுப்பு நோட்டு வந்தது. ஆளுக்கு ஒரு வழித்தாள் கொடுப்பார் அல்லவா, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பொய். பல் டாக்டர் தம்பதிக்குக் கொடுத்த தாளில் இல்லாத ஒரு பச்சைக் கேட். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரியின் தாளில் மூன்று வளைவுப் பாலத்துக்கு இரண்டே வளைவு. யாருக்கு எந்தப் பொய் என்பது நோட்டில் இருக்கும். நீலச் சட்டைக்காரர்களின் அடுத்த புத்தகத்தில் பச்சைக் கேட் வந்தால், கறுப்பு ஆடு பல் டாக்டர். மெக்கானிக்குக்கு இது தெரியும். "உன் பொய்யெல்லாம் சேர்த்து வெச்சா ஒரு ஊரே கட்டலாம்டி" என்று சிரிப்பார்.

அவர் தாளிலும் ஒன்று இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

அடுத்த சீசனுக்கென்று வகுத்திருந்த புதுப் பாதை. இருபத்திரண்டாம் கல்லுக்கு மேல் கடை இல்லை, வீடு இல்லை, சொட்டுத் தண்ணீர் இல்லை, ஏற்றம் மட்டும் உண்டு. வேனில் வைக்க ஒரு தாள் எழுதும்போது ரூட்டக்காவின் பேனா கொஞ்ச நேரம் நின்றது. மனுஷனுக்கு வாய் பெரிய வாய். யோசித்துப் பார்த்துவிட்டு, "41ஆம் கல், கற்சுவருக்குப் பின்னால் குழாய்" என்று எழுதினார். பயணத்துக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதற்குள் திருத்திவிடலாம் என்று நினைத்தார்.

ஒரு வியாழக்கிழமை காலை நீலச் சட்டைக்காரர்களின் புதுப் புத்தகம் கைக்கு வந்தது. ரூட்டக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பச்சைக் கேட் இல்லை. பாலத்துக்கு மூன்று வளைவும் சரியாக இருந்தன. கடைசிப் பக்கத்தில், வரும் ஞாயிற்றுக்கிழமைப் பயணம்: "ஒரு பாட்டில் போதும். 41ஆம் கல்லில் குழாய் உண்டு."

மாட்டிக்கிட்டியா என்று ஒரு துள்ளல் துள்ளியது மனசு. அடுத்த நொடி அந்தப் பொய்யை யார் தாளில் எழுதினோம் என்பது நினைவுக்கு வந்தது. இருந்தும் நோட்டை எடுத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டார். பிறகு ஐம்பத்து நான்கு படியும் இறங்கினார்.

மெக்கானிக் ஒரு சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீலச் சட்டைக்காரங்க இங்க வந்தாங்களா?"

"வந்தாங்களே. போன மாசம், அந்த மொதலாளியே வந்தாரு. பிரேக் கட்டை மாத்திவிட்டேன்."

"என்ன கேட்டாரு?"

"அந்த மேல் ரோட்ல ஆளுங்களைக் கூட்டிட்டுப் போறாராம். தண்ணி எங்க கெடைக்கும்னு கேட்டாரு. உன் தாளைப் பார்த்துச் சொன்னேன்."

"தாளைக் காட்டுனீங்களா?"

"அதெல்லாம் காட்டல. குழாய் இருக்குற எடத்த மட்டும் சொன்னேன். ரோடு அவருக்கே தெரிஞ்சிருக்கு, ரோட்ட யாரு மறைக்க முடியும்? தண்ணி எங்கன்னு ஒருத்தன் கேட்டா, தெரியாதுன்னா சொல்லுவாங்க?"

ரூட்டக்கா சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "அங்க குழாய் கெடையாதுங்க."

"உன் தாள்ல இருந்துச்சே."

"நான்தான் எழுதினேன். சும்மா."

சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை மெக்கானிக் கையால் பிடித்து நிறுத்தினார். "உன் தாள்ல இருந்தா இருக்கும்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "எனக்குமா?"

ரூட்டக்காவுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக நீலச் சட்டை நிறுவனத்துக்குப் போன் போட்டு, முதலாளியிடம் உண்மையைச் சொன்னார். குழாய் இல்லை, ஒரு பாட்டிலோடு ஆட்களை ஏற்றாதீர்கள் என்றார். மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

"மேடம், நீங்க எங்களுக்குப் போட்டி. எங்க வழியில தண்ணி இல்லன்னு நீங்களே போன் பண்ணிச் சொல்றீங்க. நாங்க நம்பிடணுமா? உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷன், அவரு சொல்லிட்டாரு" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேனில் நிறைந்த கேன்கள் இருபது ஏறின. நாற்பத்தொன்றாம் கல்லில் சுவருக்கு முன்னால் ரூட்டக்கா அவற்றை வரிசையாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அன்று வண்டிகளை எண்ணவில்லை. உச்சி வெயிலில் முதல் ஆள் வந்து சேர்ந்து, நேரே சுவருக்குப் பின்னால் போய், அதே வேகத்தில் திரும்பி வந்தான்.

"குழாய் ரிப்பேருங்க. இதுல பிடிச்சுக்கோங்க" என்றார் ரூட்டக்கா. வேறென்ன சொல்வது?

முப்பத்திரண்டு பேர். ஒரு பெண் சைக்கிளை அப்படியே சாய்த்துப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று டம்ளர் நிற்காமல் குடித்தாள். மெக்கானிக் அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, நிழலுக்கு நகர்த்தி உட்காரவைத்தார். குழாய் மட்டுமல்ல, இந்தக் கேன்களும் இல்லாமல் போயிருந்தால் என்ற நினைப்போடு ரூட்டக்கா அடுத்த கேனைத் திறந்தார். கடைசியாக வந்த நீலச் சட்டை முதலாளி, டம்ளரை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். குடித்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். குழாய் இருந்த அடையாளமே இல்லாத வெறும் புல்தரை. திரும்பி வந்து, "தேங்க்ஸ் மேடம்" என்று சிரித்தார். எதற்குச் சிரிக்கிறான் இவன் என்று ரூட்டக்கா இன்றுவரை யோசிக்கிறார்.

காலிக் கேன்களோடு வேன் மலை இறங்கியது. கடைசி வளைவில் மெக்கானிக் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த நோட்டுல என்னை என்னன்னு எழுதியிருக்க?"

"வீட்டுக்காரர்னு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவ்வளவுதான். வீட்டில் சண்டை நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும் என்கிறார் ரூட்டக்கா.

கறுப்பு நோட்டு இன்னும் இருக்கிறது. பொய்யும் தொடர்கிறது, தண்ணீரில் மட்டும் கை வைப்பதில்லை. வீட்டுக்காரர் என்று தலைப்பிட்ட பக்கத்தைக் கிழித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மூச்சுக் கேட்பதும், கல்லின் மேல் உட்கார்ந்து கோடு போடுவதும் பழையபடியே நடக்கின்றன. சென்ற வாரம் புது வழித்தாள் ஒன்றை எழுதி முடித்து, இரண்டு தடவை படித்துப் பார்த்து, பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"இதுல ஒண்ணும் இல்லங்க. எல்லாம் நெஜம்."

"சரிம்மா" என்று மெக்கானிக் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை.

ரூட்டக்கா மாடிக்குப் போய் ஜன்னல் பக்கம் வந்தபோது, கீழே வேனின் பின்கதவு திறந்திருந்தது. மெக்கானிக் முற்றத்துக் குழாயில் ஹோஸை மாட்டிக் கேன்களை நிரப்பிக்கொண்டிருந்தார். இரண்டு நிரம்பி நின்றன. மூன்றாவது நிரம்பிக்கொண்டிருந்தது. ரூட்டக்கா திரும்பவும் ஐம்பத்து நான்கு படி இறங்கி வந்தார்.

"வழியில மூணு எடத்துல குழாய் இருக்குங்க."

"ம்" என்றார் மெக்கானிக், காலியாக இருந்த அடுத்த கேனைக் காலால் இழுத்தபடி.

ரூட்டக்கா குனிந்து, ஹோஸ் நழுவாதபடி அந்தக் கேனின் வாயைப் பிடித்துக்கொண்டார்.