கம்பெனி பஸ்ஸில் ஒரு காது

நாட்றம்பள்ளியில் காலை ஆறரைக்கு ஏறினால் ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் இறங்கும்வரைதான் எங்களுக்குப் பேச்சு. உள்ளே போய்விட்டால் சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் நிற்பார். சங்கம் வைக்க வேண்டும், வாசலில் கொடி ஏற்ற வேண்டும் என்ற போராட்டம் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே தொடங்கியது. கூடிவரும் நேரம் பார்த்து இரண்டு பேரை எங்கோ தூரத்து யூனிட்டுக்குத் தூக்கியடிப்பார்கள், எல்லாம் அடங்கிவிடும். செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் பேசியது புதன்கிழமை ஆபீசுக்குத் தெரிந்திருக்கும். எங்களில் யாரோ ஒருத்தி போட்டுக்கொடுக்கிறாள். யார் என்றுதான் தெரியாது.

அந்த வேலைக்கு ஒருநாள் என்னையே கூப்பிட்டார்கள்.

ஹெச்.ஆர். சார் தன் அறையில் என்னை உட்காரச் சொன்னார். தோலுக்குப் பசை தடவும் வேலை என்னுடையது, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் என்னை யாரும் உட்காரச் சொன்னதில்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“இடுப்பு வலின்னு அடிக்கடி லீவு போடுறியேம்மா. சாம்பிள் செக்ஷன்ல எடம் காலி. உட்கார்ந்து செய்ற வேலை, டார்கெட் கெடையாது. பஸ்ல இன்னா பேசிக்கிறாங்கன்னு வாரத்துக்கு ஒருவாட்டி வந்து சொன்னா போதும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று வெளியே வந்தேன். பொய் சொல்ல மாட்டேன், ஆசைப்பட்டேன். வலி இடுப்பிலிருந்து குதிகாலுக்கு இறங்கும்போது கொடியாவது மண்ணாவது என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் வீட்டில் சோறு வடிக்கும்போது ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேரை விட்டுவிட்டு என்னை ஏன் கூப்பிட்டான்? இவள் விற்பாள் என்று என் மூஞ்சியில் எழுதி ஒட்டியிருக்கிறதா?

மறுநாள் வாணியம்பாடி தாண்டியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

“எல்லாரும் கேளுங்க. என்னை உளவு பாக்கச் சொல்லிக் கூப்ட்டிருக்காங்க. கூலி ஒரு நாற்காலி. இன்னா போய்ச் சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க, அப்படியே ஒப்பிச்சுட்டு வர்றேன்.”

பஸ் குலுங்கச் சிரித்தார்கள்.

“கக்கூஸுக்குப் போனா டைம் பாக்குறானே, அதச் சொல்லு!”

“ஃபேன் ஓடி ரெண்டு மாசமாச்சின்னு சொல்லுக்கா!”

என் பக்கத்து சீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தினமும் துண்டு போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பவர். “எதுக்குடி உனுக்கு இந்தப் பேஜாரு? கம்முனு சீட்ட வாங்கிக்கினு இருந்திருக்கலாம்ல” என்றார்.

வாசலில் இறங்கி கார்டு தேய்ப்பதற்குள் வாட்ச்மேன் வந்து, சார் கூப்பிடுவதாகச் சொன்னார்.

“பஸ்ல பிரசங்கம் பண்ணியாமே?” என்றார் சார். நான் இறங்கி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

கக்கூஸ், ஃபேன், எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. “இன்னிலேருந்து பேக்கிங்ல பெட்டி தூக்கு. நீ சொல்லலேன்னா எனக்குச் சொல்ல ஆளா இல்ல?”

சாயங்காலம் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பார்க்க ஆரம்பித்தாள். “காலைல போன் நோண்டினது யாரு? எல்லாரும் போனை எடுங்கடி” என்று ஒருத்தி கத்தினாள். பக்கத்து சீட்டு அக்கா தன் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் பார்த்தேன். நினைத்திருந்தால் பையைப் பிடுங்கியிருப்பேன்.

பெட்டி தூக்கிய இடுப்பு விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. இந்த வலிக்குத்தானே என்னிடம் பேரம் பேசினான், அக்காவிடம் எந்த வலிக்குப் பேசினானோ என்று நினைத்தேன்.

“யாரும் போனைக் காட்ட வேணாம். நம்மள நாமே சோதனை போட ஆரம்பிச்சா அவனுக்கு உளவாளியே தேவையில்ல. இனிமே கிசுகிசுன்னு பேசாதீங்க. நாளைக்குச் சங்கத்துக்குக் கையெழுத்து வாங்குறோம், இதே பஸ்ல. கேக்குறவளுக்கு நல்லாவே கேக்கட்டும்” என்றேன்.

மறுநாள் எனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தது. தாள் முன்சீட்டிலிருந்து கை மாறி வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அக்கா பேனாவை வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு இனிஷியலோடு முழுப் பெயரையும், கீழே டோக்கன் நம்பரையும் எழுதினார்.

தாளைப் பின்சீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “இதையும் நானே போய் சொல்லிடுறேன்டி.”