சென்னைக்கு ஒரு மணி இருபது நிமிடம்

கதவு மூடினால் எனக்கு மூச்சு நின்றுவிடும். நாலு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், கஹவத்தைக்கு மேலே. ஒரு மழைநாளில் மண்மேடு சரிந்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. வாசலும் அடைபட்டது. என்னை வெளியே எடுக்க மூன்று மணித்தியாலம் ஆனது. பெரிய காயமில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில்கூட ஏற முடியவில்லை. மலையில் கொழுந்து பறிக்கும்போது மட்டும்தான் நிம்மதி.

கடந்த வைகாசியில் சென்னையிலிருந்து மருமகன் கூப்பிட்டார். என் மகள் ஷாமினிக்கு எட்டாம் மாதம். பிரஷர் கூடி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வியாழக்கிழமை ஆபரேஷன். அவள் போனை வாங்கி, "அம்மா, நீங்க பக்கத்துல இருந்தா போதும்மா" என்றாள். அதற்கு மேல் அழுகைதான்.

மருமகன் டிக்கெட் போட்டுவிட்டார். "ஒரு மணி இருபது நிமிஷந்தான் அத்தை, பயப்படாதீங்க" என்றார்.

அந்த ஒரு மணி இருபது நிமிடத்தை நினைத்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. நடுவில் திறக்கச் சொன்னாலும் திறக்க முடியாத கதவு. போகாவிட்டால் நான் என்ன தாய்? போனால் வழியிலேயே செத்துவிடுவேனோ? முழங்காலில் நின்று ஒரே ஜெபம்தான் செய்தேன். "ஆண்டவரே, எனக்குத் தைரியம் இல்ல. நீங்களே கூட்டிட்டுப் போங்க."

என் வீட்டுக்காரருக்குப் பாஸ்போர்ட் இல்லை. பிரசவம் பார்க்கப் போக எனக்கு மட்டும்தான் எடுத்திருந்தோம். "வேன் வேணாம், நம்ம த்ரீவீல்லயே கட்டுநாயக்கா போவோம். ரெண்டு பக்கமும் தொறந்துதானே இருக்கு" என்றார் அவர். இரத்தினபுரி, அவிசாவளை என்று சாரலில் நனைந்துகொண்டே ஆறு மணித்தியாலம் போனோம். விமான நிலையத்தில் என் தலைமேல் கை வைத்து ஜெபித்தார்.

விமானத்தின் கதவு மூடியதும் நெஞ்சை அடைத்தது. எழப் பார்த்தேன், பெல்ட் இழுத்தது. பக்கத்தில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள அம்மா, புத்தகயாவுக்கு யாத்திரை போகிறவர். "பய வென்ன எபா துவே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பயப்படாதே மகளே என்று. ஆண்டவரே அவர் வாயால் பேசியதாக எனக்குப் பட்டது.

ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையானது. எங்கள் மலையில் காலையில் இறங்கும் பனி மாதிரி. அதற்குள் நான் நடந்துகொண்டிருந்தேன். காலில் ஈரம் படவில்லை. முதுகில் கூடையின் பாரமில்லை. யாரோ எனக்கு முன்னால் மெதுவாகப் போனார். முகம் தெரியவில்லை, யாரென்று கேட்கவும் தோன்றவில்லை. அவர் போன பக்கமெல்லாம் பனி விலகிக்கொண்டே போனது.

"துவே, ஆவா." வந்துவிட்டோம் என்று அந்த அம்மா எழுப்பினார். சக்கரம் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் தூங்கியிருக்கிறேன், மூடிய கதவுக்குள். கடலை எப்போது கடந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை பேத்தி பிறந்தாள். சின்னப் பிள்ளை, ஆனால் நல்ல அழுகை. ஷாமினி கண் விழித்ததும் என் முகத்தைத்தான் பார்த்தாள். தாயும் பிள்ளையும் சுகம். கர்த்தருக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது.

பயம் முழுசாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் போன வாரம் இரத்தினபுரிக்கு பஸ்ஸிலேயே போய் வந்தேன், நெரிசலில் நின்றுகொண்டே.

பிரியமானவர்களே, உங்களுக்கும் போகவே முடியாது என்று நினைக்கிற தூரம் ஒன்று இருக்கலாம். தைரியம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே அவரிடம் சொல்லுங்கள். அவர் கூட வருவார்.